பலகைக்கு அந்தப் பக்கம்

பிளவுஸுக்கு அளவு குடுக்க வந்தவங்கள நிக்க வச்சு கதை சொல்றாளேன்னு நினைக்காதீங்க, நீங்கதான் கேட்டீங்க, ஏன்க்கா மெஷினுக்கு முன்னால ஒரு பெஞ்ச போட்டு அதுக்கு மேல பெடல வச்சிருக்கீங்க, கால் வலிக்காதானு. வலிக்கும். சாயங்காலம் ஆனா முழங்கால் ரெண்டும் பிடிச்சுக்கும். வலிச்சாலும் பரவால்லனுதான் வச்சிருக்கேன். காரணத்த சொன்னா நீங்க ரோட்டுக்கு போய் சிரிப்பீங்க, சிரிங்க, வேற யாராவது இத என்கிட்ட சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

எனக்கு இந்த பேய் பிசாசு, காத்து கருப்பு, இதுலெல்லாம் துளி நம்பிக்கை கெடையாது, அத மொதல்ல சொல்லிடுறேன். கல்யாணத்துக்கு முன்னால இருந்து ஒரு கார்மெண்ட்ல வேலை செஞ்சேன். அங்க ஒரு நாள் லைன்ல ஒரு பிள்ளை மயங்கி விழுந்துச்சு, அத பாத்து இன்னொன்னு, அப்புறம் வரிசையா விழுதுக, டாய்லெட்டுல யாரோ ஒரு பொம்பள நிக்கிறாளாம், தலைமுடிய பிடிச்சு இழுக்கிறாளாம். பேயோட்டுற கட்டாடிய கூட்டிட்டு வந்து தேசிக்காய் வெட்டி நூல் கட்டி பெரிய ஆர்ப்பாட்டம் பண்ணினாங்க. நான் நூல் கட்ட கைய நீட்டல. இதுகளுக்கு பிடிச்சிருக்கிறது பேய் இல்ல, பசி, காலைல ஒரு பன்ன தின்னுட்டு வந்து ராவரைக்கும் நின்னா யாருக்குத்தான் தலை சுத்தாதுனு சுப்பவைசர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அதுக்கு எனக்கு என்ன கெடச்சுதுனு கேக்காதீங்க. நான் அந்த மாதிரி ஆள்னு உங்களுக்கு தெரியணும், அதுக்குத்தான் சொன்னேன்.

அந்த கார்மெண்ட்ட விட்டு வெளிய வந்து, சீட்டு போட்டு ஒரு பவர் மெஷின் வாங்கி, கண்டிக்குப் பக்கத்துல கட்டுகஸ்தோட்டையில பாலத்துக்கு கிட்ட ஒரு மேல்வீட்ட வாடகைக்கு எடுத்தோம். எங்க வீட்டுக்காரரு பிரைவேட் பஸ்ல கண்டக்டர், கலகெதர பக்கம் ஓடுற பஸ், விடியுறதுக்கு முன்னால போனா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவாரு. அது பழைய காலத்து வீடு. கீழ கல்லு சுவரு, மேல முழுக்க பலகை, நல்ல முதிர்ந்த மரம், ஒவ்வொரு பலகையும் என் ரெண்டு கை அகலம் இருக்கும். மேல வர்றதுக்கு வெளிப்பக்கமா தனி படிக்கட்டு. கீழ வீட்டுச் சொந்தக்காரரு ஒரு ஹாஜியாரும் அவங்க மனைவி நயீமா ராத்தாவும் இருந்தாங்க. ஹாஜியாருக்கு காது மந்தம், ராத்தாவுக்கு சொந்தக்காரங்க வீடு, கல்யாண வீடுன்னு போக்குவரத்து ஜாஸ்தி. அதனால நான் மேல பெடல மிதிச்ச மிதில வீடே ஆடினாலும் கேக்க ஆள் இல்ல.

அந்த வீடு எனக்கு அவ்வளவு ராசி. முஸ்லிம் பொம்பளைங்க அபாயா தைக்க வருவாங்க, நம்ம ஆளுங்க பிளவுஸ் கொண்டு வருவாங்க, சிங்கள டீச்சர்மார் ஒசரி சேலைக்கு போடுற சட்டைக்கு வருவாங்க. ஒரு தடவ அளவு எடுத்தா எனக்கு மறக்காது, ஆளோட முதுக பாத்தே போன தடவைக்கு இந்த தடவ எவ்வளவு கூடியிருக்குனு சொல்லிடுவேன். பஸ்ஸ விட்டு இறங்கினா வீடு. அந்த எடம் இல்லாட்டி எனக்கு அவ்வளவு ஆட்கள் வந்திருக்காது, ஆள் வராட்டி நான் திரும்ப கார்மெண்ட்டுக்குத்தான் போகணும்.

அப்படி இருக்கிறப்பதான் ஹாஜியாரு மௌத்தானாரு. ராத்தா இத்தாவுல உக்காந்தாங்க. உங்களுக்கு தெரியும்தானே, புருஷன் இறந்தா அவங்க பொம்பளைங்க நாலு மாசத்துக்கு மேல வீட்ட விட்டு வெளிய போகமாட்டாங்க, வெளி ஆம்பளைங்க முன்னால வரமாட்டாங்க. அந்த மனுஷி அதுவரைக்கும் வீட்டுல தங்கினதே இல்ல, இப்ப காலைல இருந்து ராவரைக்கும் என் மெஷினுக்கு நேர் கீழ. பாவம், புருஷன பறிகொடுத்துட்டு ரெண்டு வரி ஓதலாம்னு உக்காந்தா மண்டைக்கு மேல கடகடகடனு ஓடுது. மொதல் கிழமை ஏழு நாளும் பொறுத்துக்கிட்டாங்க. அப்புறம் வீடு கூட்டுற தும்புத்தடிய எடுத்து சீலிங்ல தட்டத் தொடங்கினாங்க. டொக், டொக்னு தட்டுவாங்க, என் நூல்கட்டை எல்லாம் குதிக்கும்.

நான் கீழ போனேன். எங்க வீட்டுக்காரரு போக முடியாதே, நான்தான் போகணும். ராத்தா வெள்ளை உடுப்புல கதிரைல உக்காந்திருந்தாங்க, கண்ணு ரெண்டும் வீங்கி இருந்துச்சு.

"சாந்தி, உங்கட பொழப்புல மண்ணப் போட எனக்கு ஆசை இல்ல. ஆனா எனக்கு ஓத ஏலாம ஈக்கி, கண்ண மூட ஏலாம ஈக்கி. இத்தாவுல ஈக்கிற பொம்புள நான் எங்க எழும்பிப் போற?"

"நான் சத்தத்த குறைக்கிறேன் ராத்தா."

"குறைஞ்சா சந்தோஷம். குறையல்லாட்டி வீட்ட உடுங்க. மகன்ட சொல்லிட்டேன்."

அதுக்கப்புறம் நான் தைச்சத விட சத்தத்த குறைக்க பாடுபட்டதுதான் ஜாஸ்தி. பழைய ரப்பர் செருப்ப வெட்டி மெஷின் காலுக்கு நாலு பக்கமும் வச்சேன். கதிரை காலுக்கெல்லாம் சாக்ஸ், அதான் மேஸ், மாட்டினேன், எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு கதிரைக்கு ஸ்கூலா, யூனிஃபார்ம் எல்லாம் போட்டிருக்கேனு கேலி பண்ணினாரு. தும்புப் பாய் வாங்கி விரிச்சேன், அதுக்கு மேல பழைய கம்பளிய மடிச்சுப் போட்டேன். கிரீச் கிரீச்னு கத்துற பலகைக்கு பேபி பவுடர இடுக்குல தூவி விட்டேன், அது அடங்குச்சு, வீடு பூரா பச்சப் பிள்ளை வாசம். வீட்டுக்குள்ள செருப்ப விட்டேன், வெறுங்கால்தான். கண்டில மார்கழி தை மாசத்துல பலகை எப்படி இருக்கும்னு தெரியும்தானே, உள்ளங்கால் விறைச்சுப் போகும், இருந்தாலும் வெறுங்கால்தான். சாயங்காலம் மஃரிப் தொழுகை நேரத்துல மெஷினையே நிப்பாட்டிடுறேன்னு ராத்தாகிட்ட சொன்னேன், சொன்ன மாதிரி பாங்கு கேட்டதும் நிப்பாட்டிட்டு, சாமிக்கு விளக்க வச்சிட்டு, தேத்தண்ணிய ஊத்திக்கிட்டு கட்டில்ல கால மடிச்சு உக்காந்துருவேன். பகல் முழுக்க பெடல் மிதிச்ச காலுக்கு அது ஒரு சுகம்.

இவ்வளவு செஞ்சும் தும்புத்தடி நிக்கல. பியதாசன்னு மரவேலை செய்ற ஒருத்தர் இருந்தாரு, பாஸ்னுதான் கூப்பிடுவோம், எங்க வீட்டுக்காரருக்கு பஸ்ல பழக்கம், அவர கூட்டிட்டு வந்து காட்டினோம். அவரு குந்தி உக்காந்து பலகைய விரலால தட்டிப் பாத்துட்டு, சிங்களத்துல தங்கச்சினு கூப்பிட்டு, நங்கி, இந்த பலகைக்கும் கீழ சீலிங்குக்கும் நடுவுல வெறும் எடம், மேள மாதிரி, அதுதான் அடிக்குது, கீழ வீட்டுக்குள்ள இருந்து இன்னொரு பலகைத் தட்டு அடிச்சா முடிஞ்சதுன்னாரு. கீழ எப்படி போறது, இத்தா இருக்கிற வீட்டுக்குள்ள ஆம்பளைய விட முடியுமா. அப்ப மேல இருந்துதான் செய்யணும், பலகைய கழட்டி நடுவுல எதையாவது நிரப்பணும்னாரு. பஞ்சு போடலாம், ஆனா வீடு முழுக்க பஞ்சு போட்டா கட்டுப்படி ஆகாது. நான்தான் சொன்னேன், பாஸ், என்கிட்ட துணி இருக்குன்னு.

தையல்காரி வீட்டுல வேற எதுக்கு பஞ்சம் வந்தாலும் வெட்டுத்துண்டுக்கு பஞ்சம் வராது. நான் எதையும் வீசமாட்டேன், சாக்கு சாக்கா கட்டி கட்டிலுக்கு கீழ வச்சிருந்தேன். அபாயா கறுப்பு, ஸ்கூல் வெள்ளை, கல்யாண பிளவுஸ் ஜரிகை, யார் யாரோட உடம்பு அளவோ அதுல கெடந்துச்சு. பாஸ் ஒரு பக்கமா பலகைய நெம்பி எடுக்க, நான் குந்தி உக்காந்து துண்டுகள உள்ள போட்டேன். அந்த இடைவெளி ஒரு சாண் கூட வராது, ஒரு பூனைக்குட்டி கூட நிமிர்ந்து நிக்காது. தூசி, எலிப் புழுக்கை, வேற ஒன்னும் இல்ல, நானே கையவிட்டு கூட்டி அள்ளினேன். அமுக்காம போடு நங்கி, லேசா கெடந்தாத்தான் சத்தத்த குடிக்கும்னு பாஸ் சொன்னாரு, அப்படியே பூப்போல போட்டோம். திரும்ப பலகைய வச்சு திருகாணி போட்டு இறுக்கினாரு.

நம்புவீங்களோ இல்லியோ, அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து வீடு ஊமையாயிடுச்சு. மெஷின் ஓடுறது எனக்கே மெதுவாத்தான் கேட்டுச்சு. ராத்தா பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட ஒரு கிண்ணம் வட்டிலப்பம் குடுத்து அனுப்பினாங்க. நான் அத தின்னுக்கிட்டே அழுதேன், சந்தோஷத்துலதான், இனி யாரும் என்ன இங்க இருந்து கெளப்ப முடியாதுன்னு.

இன்னொரு நல்லதும் நடந்த மாதிரி இருந்துச்சு. பெடல் கிட்ட நான் கால் வைக்கிற எடம் கதகதப்பா இருந்துச்சு. வெளிய பனி, கைவிரல் கூட மரத்துப் போகுது, உள்ளங்காலுக்கு மட்டும் இதமா இருக்கு. கீழ துணி போட்டதால குளிர் ஏறலனு நினைச்சுக்கிட்டேன், எங்க வீட்டுக்காரர்கிட்ட பெருமையா கூட சொன்னேன். மத்த எடத்துலயும் அதே துணிதானே போட்டிருக்கு, அங்கயெல்லாம் ஏன் ஜில்லுனு இருக்குனு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். யோசிக்கல. சுகமா இருக்கிற ஒன்ன யாரு உக்காந்து ஆராய்ச்சி பண்ணுவாங்க சொல்லுங்க.

ஒரு ரெண்டு கிழமை போயிருக்கும். மெஷின நிப்பாட்டிட்டு கட்டில்ல உக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கேன், கீழ இருந்து டொக். கொஞ்சம் விட்டு டொக். எனக்கு சுருக்குனு கோவம் வந்துச்சு. மெஷின் ஓடல, நான் அசையக் கூட இல்ல, இன்னும் என்னத்துக்கு தட்டுறாங்க. சரி, புருஷன் போன துக்கம், என்னமோ நினைப்புல தட்டுறாங்கனு விட்டேன். அடுத்த நாளும் அதே நேரம். அதுக்கடுத்த நாளும். ஒரு எடத்துல தட்டாம அங்க ஒன்னு இங்க ஒன்னுனு வீடு பூரா தட்டுறாங்க. வேணும்னே செய்றாங்கனு எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு.

நான் கீழ இறங்கிப் போகலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னால ராத்தாகிட்ட இருந்து ஆள் வந்துச்சு, உடனே வரட்டாம். போனா அந்த அம்மா என்ன விட கொதிச்சுக்கிட்டு இருக்காங்க.

"சாந்தி, மெஷின் சத்தம் போய்ட்டுது, அல்ஹம்துலில்லாஹ். ஆனா நான் தொழுற நேரம் பாத்து நீங்க ஏன் மேலால அங்கயும் இங்கயும் நடக்கிற? முழு வீட்டையும் சுத்துறீங்களே, என்னத்த தேடுற?"

"நான் நடக்குறேனா? நான் அந்நேரம் கட்டில்ல உக்காந்திருக்கேன். நீங்கதான் தும்புத்தடியால தட்டுறீங்க."

"நான் தட்டல்ல. உங்கட மெஷின் சத்தம் நிண்ட நாள்ல இருந்து தும்புத்தடி குசினிய உட்டு வரல்ல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நானா பொய் சொல்ற, இத்தாவுல ஈந்துக்கிட்டு?"

பேச்சு தடிச்சுப் போச்சு. அவங்க மகனுக்கு போன் போட்டுட்டாங்க, இந்த மாசத்தோட வீட்ட விடணும்னு அங்க இருந்து தகவல் வந்துச்சு. இவ்வளவு பாடுபட்டு, சத்தத்தையும் அடக்கி, செய்யாத ஒன்னுக்காக வெளிய போறதா. எனக்கு தூக்கம் போச்சு, கை ஓடல, ஒரு அபாயாவுக்கு கைய மாத்தி தைச்சு பிரிச்சேன். இத நிரூபிக்காம விடுறதில்லனு முடிவு பண்ணினேன். எங்க வீட்டுக்காரர கீழ நிக்க வச்சுப் பாக்கலாம்னா அவர உள்ள விட முடியாது. அதனால நானே ராத்தாவுக்கு போன் எடுத்தேன். இன்னைக்கு தொழுது முடிஞ்சதும் போன கையில வச்சுக்குங்க, நான் மேல இருக்கேன், நீங்க கீழ இருங்க, பேசிக்கிட்டே இருப்போம், யாரு நடக்குறா யாரு தட்டுறானு தெரிஞ்சுரும்னேன். அவங்களும் ரோஷமா சரின்னாங்க.

மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. இன்னும் முழுசா இருட்டல, ஆத்துப் பக்கமா வானத்துல கொஞ்சம் வெளிச்சம் இருந்துச்சு. நான் கட்டில்ல கால மடிச்சு உக்காந்து போன ஸ்பீக்கர்ல போட்டேன். ராத்தா தஸ்பீஹ் மணிய உருட்டுற சத்தம் போன்ல கேக்குது.

டொக்.

"இந்தா, நடக்கத் தொடங்கிட்டீங்க"ன்னாங்க ராத்தா.

"நான் கட்டில்ல இருக்கேன் ராத்தா. நீங்கதான்..."

"என்ட கையில தஸ்பீஹ் ஈக்கி. கேக்குதுதானே உங்களுக்கு?"

கேக்குது. மணி உருளுற சத்தம் நிக்காம கேக்குது, அதோட சேர்ந்து டொக், டொக்னும் கேக்குது. கட்டில்ல குப்புறப் படுத்து, தலைய கீழ தொங்கப் போட்டு, காத பலகைல வச்சேன். அங்க ஜன்னல் பக்கத்துல இருந்து வருது, மெஷின் வரைக்கும் போகுது, கொஞ்ச நேரம் நிக்குது, திரும்பவும் ஜன்னலுக்கு போகுது. தட்டுற சத்தம் இல்ல அது. ஆளு நடக்குற கணக்குல இருந்துச்சு, அவசரமில்லாம, ஆனா ஒரு எடத்துல நிக்க முடியாம.

ராத்தா கதிரைல ஏறிட்டாங்கனு நினைக்கிறேன், மூச்சு வாங்குது. "சாந்தி, நான் சீலிங்ல கைய வச்சீக்கிறேன். என்ட கைக்கு மேலால போகுது."

"எனக்கு காதுக்கு கீழால போகுது ராத்தா."

அவங்க கைக்கும் என் காதுக்கும் நடுவுல ஒரு சாண் எடம், அதுக்குள்ள முழுக்க என் வெட்டுத்துண்டு. நீங்க நினைக்கிறது எனக்கு தெரியுது, ஹாஜியாருன்னு நினைக்கிறீங்க. எனக்கும் அதுதான் வந்துச்சு, வாய விட்டு கேட்டும் போட்டேன்.

"இல்ல. அவங்க ஒரு கால இழுத்து நடக்கிற, முப்பது வருஷமா கேட்டீக்கிறேன். இது ரெண்டு காலும் நேரா வெச்சு நடக்குது. மவுத்தானவங்க இப்படி வாறதும் இல்ல"னு சொல்லிட்டு ராத்தா என்னமோ ஓதத் தொடங்கினாங்க.

எனக்கு லைட்ட போடணும் போல இருந்துச்சு. சுவிட்ச் கதவுகிட்ட இருக்கு. எழும்பி ரெண்டு காலையும் பலகைல வச்சேன்.

அந்நேரம் அது ஜன்னல் பக்கம் இருந்துச்சு. நான் கால் வச்சதும் டொக்டொக்டொக்னு நேரா வந்துச்சு, அவ்வளவு நேரம் மெதுவா நடந்தது இப்ப ஓடி வர்ற மாதிரி வந்து, எனக்கு நேர் கீழ நின்னுருச்சு. சத்தமே இல்ல. கொஞ்சத்துல உள்ளங்கால் ரெண்டும் கதகதனு ஆச்சு.

போன்ல ராத்தா, "நிண்டுட்டுது. எங்க நிண்டது, சாந்தி? சாந்தி?"ங்கிறாங்க. ஒரு கால மட்டும் மெதுவா தூக்கினேன், கீழ டொக்னு ஒன்னு கேட்டுச்சு. திரும்ப வச்சேன், அடங்கிருச்சு.

அப்பதான் எனக்கு எல்லாம் விளங்குச்சு. நான் மெஷின்ல உக்காந்திருக்கிற நேரம் பூரா அது ஏன் சத்தம் போடல, நான் கட்டில்ல கால மடிச்சு உக்காந்ததும் ஏன் வீடு பூரா சுத்துச்சுனு. ராத்தா கேட்டது சரிதான், அது தேடித்தான் இருக்கு.

எப்படி கதவ தெறந்தேன், எப்படி அந்த ஈரப் படிக்கட்டுல போய் உக்காந்தேன்னு தெரியல. எங்க வீட்டுக்காரரு வர்ற வரைக்கும் அங்கதான் இருந்தேன். ராத்தா கீழ வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து என்கிட்ட பேசிக்கிட்டே இருந்தாங்க, ஊர்ப்பட்ட கதை, மகளோட கல்யாணம், துணி விலை, எல்லாம். நேத்து வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் கடிச்சுக் குதறினவங்கனு யாரும் சொல்லமாட்டாங்க. அந்த மனுஷி அன்னைக்கு பேசலன்னா எனக்கு புத்தி பேதலிச்சிருக்கும், அந்த நன்றி எனக்கு எப்பவும் இருக்கு.

எங்க வீட்டுக்காரரு வழக்கம் போல சிரிச்சாரு. எலின்னாரு, மரநாயின்னாரு, நீ ராப்பகலா தைச்சு மூளை சூடாயிடுச்சுன்னாரு. நானும் அப்படித்தானே அந்த கார்மெண்ட் பிள்ளைகள பாத்து சொன்னேன்னு நினைச்சுக்கிட்டேன். இருந்தாலும் அடுத்த நாள் லீவு போட்டுட்டு பாஸ கூட்டிட்டு வந்தாரு, எலி செத்துக் கெடந்தா எடுத்துடலாம்னு.

பாஸ் மெஷின தள்ளி வச்சிட்டு, பெடல் இருந்த எடத்துப் பலகையத்தான் மொதல்ல கழட்டினாரு. தூக்கிப் பிடிச்சப்ப நாங்க எல்லாரும் குழிக்குள்ளதான் பாத்தோம். உள்ள துணி நாங்க போட்ட மாதிரியே லேசா, உப்பலா கெடந்துச்சு. எலியும் இல்ல, ஒரு எச்சமும் இல்ல. எங்க வீட்டுக்காரரு என்ன பாத்து வாய தொறந்தாரு, என்னமோ சொல்லத்தான். அப்பதான் பாஸ் கையில இருந்த பலகைய திருப்பினாரு.

பலகையோட அடிப்பக்கத்துல துணி ஒட்டியிருந்துச்சு. பசையும் இல்ல, ஈரமும் இல்ல. கறுப்பும் வெள்ளையும் ஜரிகையுமா துண்டு துண்டா சேர்ந்து, நீராவி இஸ்திரி போட்டு அழுத்தின மாதிரி தட்டையா, மரத்தோட மரமா. ரெண்டு பாதம். நான் கால் வைக்கிற எடத்துக்கு நேர் அடியில, பக்கத்துல பக்கத்துல. நீங்க கை கூப்பினா உள்ளங்கையோட உள்ளங்கை ஒட்டுமே, என் காலோட அது அப்படி ஒட்டித்தான் இத்தனை நாளும் நின்னிருக்கு. கீழ இருந்து மேல அழுந்தியிருக்கு, கீழ கெடந்த துணில ஒரு மடிப்பு கூட கலையல. அந்தப் பக்கத்துல அது தலைகீழா நடந்திருக்குனுதானே அர்த்தம், வேற எப்படி சொல்றதுனு நீங்களே சொல்லுங்க.

பாஸ் பக்கத்துப் பலகையையும் கழட்டிப் பாத்தாரு, அதுலயும் இருந்துச்சு, வரிசையா, ஜன்னல் பக்கம் போற மாதிரி. அதுக்கு மேல கழட்டல. வாசல்ல கழட்டி வச்சிருந்த செருப்ப எடுத்துட்டு வந்து வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டாரு. ஆணி அடிக்க ஆள் வேற பாத்துக்குங்க மஹத்தயான்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு சாமான்கள அள்ளிக்கிட்டு போயிட்டாரு, கூலியும் வாங்கல.

நாங்க அந்த வீட்ட விடுறதுக்கு முன்னால ராத்தாதான் விட்டாங்க. பயம் இருந்தா இத்தாவுல இருக்கிறவங்க எடம் மாறலாம்னு மௌலவி சொன்னாராம், அக்குறணைல மகள் வீட்டுக்கு கூட்டிட்டு போனாங்க. வேன்ல ஏறப் போறப்ப என் கைய பிடிச்சு, "தங்கச்சி, உங்கட மெஷின் சத்தத்தயே நான் பொறுத்தீக்கலாம்"னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. சத்தம் இருந்த காலத்துல ரெண்டு பேருக்கும் ஒரு வீடு இருந்துச்சு. இப்ப அந்த வீடு பூட்டித்தான் கெடக்கு, பஸ்ல அந்தப் பக்கம் போனா நான் ஆத்தப் பாத்துக்கிட்டு போவேன்.

வத்தேகமைல இந்த வீட்ட தேடிப் பிடிச்சதே சிமெந்து நிலம்னுதான். கீழ மண்ணு, மண்ணுக்கு கீழ கல்லு, நடுவுல இடைவெளிங்கிற பேச்சே இல்ல. ஆட்கள் குறைவுதான், கட்டுகஸ்தோட்டைல வந்த மாதிரி வரல, ஆனா கார்மெண்ட்டுக்கு திரும்பப் போகல, அது போதும். சத்தம் எவ்வளவு போட்டாலும் கேக்க ஆள் இல்ல. நான் வேணும்னே ரேடியோவையும் போட்டு விட்டுட்டுத்தான் தைப்பேன்.

பெஞ்சு கதைக்கு வரேன். இங்க வந்தப்ப இந்த பெஞ்சு இல்ல. பெடல் நிலத்துலதான் இருந்துச்சு, நானும் எல்லாம் மறந்து நிம்மதியாத்தான் தைச்சுக்கிட்டு இருந்தேன். இந்த தை மாசம் ஒரு நாள் காலைல, பனில சிமெந்து தண்ணி மாதிரி ஜில்லுனு கெடக்கு, தைச்சுக்கிட்டே இருந்தவ சடார்னு நிப்பாட்டினேன். முழங்கால் வரைக்கும் குளிருது, உள்ளங்கால் மட்டும் குளிரல. அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரர கடைக்கு அனுப்பி இந்த பெஞ்ச எடுப்பிச்சேன். அவரு வீட்டுக்குள்ளயே செருப்ப மாட்டிக்கிட்டு போனாரு.

நீங்க வந்ததும் செருப்ப வாசல்ல கழட்டிட்டு நேரா இந்த பெஞ்சுக்கு பக்கத்துல வந்து நின்னீங்க, நான் டேப்ப கையில எடுத்தவ, அங்க வேணாம், இங்கிட்டு வாங்க, கதவுகிட்ட நில்லுங்கனு கொஞ்சம் வெடுக்குனு சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. உங்க அளவு என்கிட்ட மட்டும் இருந்தா போதும், நிலத்துக்கு கீழ போக வேணாம்.